முப்பது குதிரை போதாதவர்கள்

தாம்பின் சாலை மேட்டில் எங்கள் காரை ஒரு பஸ் முந்திக்கொண்டு போனது. நடந்தது அவ்வளவுதான். அதை நான்கு ஆண்கள் சேர்ந்து ஒரு மானப் பிரச்சினையாக்கினார்கள், மாதக்கணக்கில் பேசினார்கள், அந்தப் பேச்சு கடைசியில் என் ஒரே மகனைக் கிளேபாங் கடற்கரையில் நெஞ்செலும்பு நொறுங்கச் சாய்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஓய்ந்தது என்று சொல்வதுகூடத் தவறு. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றும் பேசினார்கள். சில வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் தெருவில் ஏதாவது ஒரு கார் கொஞ்சம் உரக்க உறுமினால் இன்னமும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் அது. அதுவரை கால்சட்டை விளிம்பில் கிளிப் மாட்டிக்கொண்டு சைக்கிளில் அலுவலகம் போய்வந்த எங்கள் காஜா பெராங் வட்டாரத்துக் கிராணிமார்கள், அதாவது குமாஸ்தாக்கள், ஒவ்வொருவராகக் கார்க்காரர்கள் ஆனார்கள். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் கப்பல் ஏறும் அவசரத்தில் மேசை, நாற்காலி, நாய், கார் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். என் கணவர் நாயை விட்டுவிட்டுக் காரை வாங்கினார். ஆமை முதுகுபோல் உருண்ட, சாம்பல் நிறச் சின்னக் கார். முப்பது குதிரைச் சக்தி. அந்த முப்பதை அவர் எல்லோரிடமும் சொன்ன விதத்தைக் கேட்டால், முப்பது குதிரைகளையும் கொள்ளு ஊறவைத்து அவரே வளர்த்தார் என்று தோன்றும். முந்தின மாதம் வரை அவரை அலுவலகத்துக்குக் கொண்டு சேர்த்தவை அவருடைய இரண்டு முழங்கால்கள். அவற்றைப் பற்றி ஒரு நாளும் பெருமையாகப் பேசியதில்லை.

அந்தப் பஸ் சமாசாரம் இதுதான். தாம்பினில் ஒரு கல்யாணம். கணவர், என் தம்பி, கணவரின் அலுவலக நண்பர்கள் இருவர், ஓட்டுவதற்கு என் மகன். திரும்பும்போது ஐந்து வயிற்றிலும் கல்யாணச் சாப்பாடு. பின்பெட்டியில் பெண் வீட்டார் கொடுத்தனுப்பிய பலாப்பழம் வேறு. மேட்டில் கார் திணறியது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. கண்டக்டர் வாசலில் தொங்கியபடி, ஒரு கையால் தள்ளுவதுபோல் காட்டி, "தோலாக்! தோலாக்!" என்று கத்தினானாம். இறங்கித் தள்ளுங்கள் என்று அர்த்தம்.

நல்ல யோசனைதான். இரண்டு பேர் இறங்கி நடந்திருந்தாலே கார் ஏறியிருக்கும். அல்லது அந்தப் பலாப்பழத்தையாவது அங்கேயே வெட்டித் தின்றிருக்கலாம். இவர்களுக்கு அது தோன்றவில்லை. காருக்குச் சக்தி போதவில்லை என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகனைத் தவிர நால்வருடைய முகத்திலும், ஊரையே பறிகொடுத்தவர்களின் களை இருந்தது.

எங்கள் வீட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் அதுதான் அவர்களுடைய சட்டசபை. பானட்டைத் திறந்துவைத்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டு, பின்புறங்களை மட்டும் உலகத்துக்குக் காட்டியபடி நிற்பார்கள். எதிர்த்த வீட்டுச் செட்டிச் சமூகத்து அம்மாள், எங்களைப்போல் திருநீறு பூசுபவர், ஆனால் வீட்டில் மலாய்தான் பேசுவார், ஒரு நாள் வேலி ஓரம் நின்று என்னைக் கேட்டார்: "சாக்கிட் கா?" காருக்கு உடம்பு சரியில்லையா என்று. "காருக்கு இல்லை" என்று மலாயில் சொன்னேன். புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்.

சபையில் இரண்டு கட்சிகள். கணவருடையது பிட்டிங்ஸ் கட்சி. இன்ஜினின் வயிற்றைத் தொடாமல், வெளியிலிருந்து போல்ட் போட்டு மாட்டுகிற சாமான்கள். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு. புகை தாராளமாக வெளியேறப் பெரிய குழாய். காற்று தாராளமாக உள்ளே போகப் புது வடிகட்டி. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குதிரை, மூன்று குதிரை என்று கூடும். அவர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணி. தலைவலி மாத்திரை போடுவதற்குக்கூட மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருப்பவர்போல் இருப்பார்.

என் தம்பியின் கட்சி சூப்பர்சார்ஜர். இன்ஜின் தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்று போதாது என்று, வாரால் சுழலும் ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்து அதன் தொண்டைக்குள் காற்றைத் திணிப்பது. ஒரே தடவை மாட்டினால் இருக்கிற குதிரைகளில் இன்னொரு பாதி கூடிவிடும் என்பது அவன் வாதம். ஜாசின் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தான். எதையும் படிப்படியாகச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. வீட்டுக்குள் வரும்போதுகூடச் செருப்பைக் கழற்றுவதில்லை, உதறுவான்.

"மச்சான், நீங்க சொல்றது எப்படின்னா, பசிக்கிறவனுக்கு இன்னிக்கி ஒரு வாய் சோறு, அடுத்த மாசம் ஒரு வாய் சோறு" என்பான்.

"நீ சொல்றது வாயில குழாய வச்சு ஊத்துறது. வயிறு தாங்குமா தம்பி?"

"இங்கிலீஷ்காரன் செஞ்ச வயிறு மச்சான். தாங்கும்."

"அவன்தான் போயிட்டானே. கிழிஞ்சா யாரு வந்து தைக்கிறது?"

"கிழிஞ்சாப் பாத்துக்கலாம் லா! கிழியறதுக்கு முன்னாடி ஒரு பஸ்ஸயாச்சும் முந்துவோமில்ல!"

சிரிப்பார்கள். அலுவலக நண்பர்கள் இருவரும் ஒரு வாரம் இந்தப் பக்கம், மறுவாரம் அந்தப் பக்கம். காப்பி எந்தப் பக்கத்துக்கு முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் என்று நினைக்கிறேன். எல்லோரும் கார் பத்திரிகையில் படித்த வார்த்தைகளை, அந்தப் பத்திரிகையில் யார் என்ன எழுதினார் என்று தெரியாமலே, தங்கள் சொந்த அனுபவம்போல் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவள். மனப்பாடம் செய்த பையன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய பத்திரிகையை நானும் வாங்கிப் படித்தேன். அவர்கள் படங்களை மட்டும் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

என் கண் அவர்கள்மேல் இல்லை, மகன்மேல் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அவனுக்கு நாலைந்து வயது. பால் கிடையாது, அரிசி கிடையாது. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, நசுக்கி, நார் எடுத்து, விரலால் ஊட்டி வளர்த்த பிள்ளை. பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் காய்ச்சலில் போய்க்கொண்டிருந்தபோது இவன் இருந்தான். இருபத்தொரு வயதில், துறைமுக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. காரை நன்றாகத்தான் ஓட்டினான், நிதானமாக. மேட்டில் பஸ் முந்தியபோது அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவனே என்னிடம் சொன்னான். அவமானம் உட்கார்ந்து வந்த நால்வருக்குத்தான்.

அந்த நால்வரும் இந்தப் பிள்ளையின் காலுக்குக் கீழே எதை வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டப்போகிறவன் அவன். அது யாருக்கும் நினைவில்லை.

ஒரு சனிக்கிழமை சபைக்குப் பலகாரத் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"யாருடா உன்னத் தொரத்துறா?" என்று மகனைக் கேட்டேன்.

"யாரும் தொரத்தலம்மா."

"அப்போ யாரப் பிடிக்கப் போற?"

அவன் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். தம்பிதான் பதில் சொன்னான். "அக்கா, இது வேகத்துக்கு இல்லக்கா. ஒரு அவசரம்னா சக்தி கையில இருக்கணும். ஆபத்துல ஒதவும்."

"எந்த ஆபத்துல?"

"வர்ற ஆபத்துல."

என் கணவர், "பொம்பளைங்களுக்கு இன்ஜின் விஷயம் சொன்னா வெளங்காது" என்றார். வீட்டில் தையல் இயந்திரத்தின் வார் அறுந்தால் மாட்டத் தெரியாதவர் அவர். நான்தான் மாட்டுவேன்.

முதலில் அவர் கட்சி செயலில் இறங்கியது. தெங்கேராவில் ஒரு பட்டறை. அதன் முதலாளி சீனர்; தவுக்கே என்போம். அவரிடம் எதைக் கேட்டாலும், "போலே" என்பார். முடியும் என்று அர்த்தம். இரட்டைக் கார்புரேட்டர் வைக்கலாமா? போலே. சூப்பர்சார்ஜர் வைக்கலாமா? போலே. எது நல்லது? இரண்டும் போலே. விமான இறக்கையை வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாலும் ஏணியை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். இவர்களுக்கு அவர்மேல் அபார மதிப்பு. மறுத்துப் பேசாத ஒரே நிபுணர் அல்லவா?

முதலில் மாட்டியது புகைக்குழாய். கார் அதே வேகத்தில் போனது. சத்தம் மட்டும் லாரிபோல் வந்தது. கணவர் அதைச் சக்தி என்று எடுத்துக்கொண்டார். வீட்டைக் கடக்கும்போது கண்ணாடிப் பாத்திரங்கள் அலமாரிக்குள் பேசிக்கொண்டன. அடுத்தது காற்று வடிகட்டி. அதற்குப் பிறகு தாம்பின் மேட்டுக்கு ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. மேட்டில் ஒரு மீன் லாரி முந்திக்கொண்டு போனதாம். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர், சத்தத்தைக் கேட்டு லாரி ஒதுங்கித்தான் போனது என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது கார்புரேட்டர் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். வந்துகொண்டே இருந்தது.

அந்த இடைவெளியில் தம்பி ஜாசினிலிருந்து ஒரு சாக்குமூட்டையோடு வந்தான். உள்ளே அலுமினிய நிறத்தில், பம்பரமும் பானையும் கலந்ததுபோல் ஒரு சாமான். அவனுடைய தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கப்பல் ஏறுகிறானாம்; அந்தத் துரையின் ரேஸ் காரில் இருந்த சூப்பர்சார்ஜராம்.

"காரு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அது போயிடுச்சுக்கா. கித்தா மரத்துல மோதிட்டான். மொத்தமும் நசுங்கிப்போச்சு." சாமானைத் தட்டிக் காட்டினான். "இதப் பாருங்க. ஒரு கீறல் இல்ல! அப்படியாப்பட்ட சாமான்."

நான் கணவரைப் பார்த்தேன். இந்த ஒரு தடவையாவது படிப்படியாக யோசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்றார். அதோடு அவருடைய கட்சி கலைந்தது. தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல், புகைக்குழாயும் வடிகட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். சூப்பர்சார்ஜர் வேலை செய்தால் அதில் பாதிப் பெருமை தன் குழாய்க்கு என்பது கணக்கு.

மகனைத் தனியாகப் பின்கட்டுக்கு அழைத்துக் கேட்டேன். "உனக்கு இது வேணுமா?"

"அப்பா வழின்னா இன்னும் ஒரு வருஷம் பேசுவாங்கம்மா. மாமா வழின்னா அடுத்த வாரம் முடிஞ்சிடும்."

"வேணுமான்னுதான் கேட்டேன்."

"எப்படியாச்சும் முடிஞ்சாப் போதும்மா" என்றான்.

பெரிய மனிதர்களின் வாயை அடைக்க ஒரு பிள்ளை எடுத்த முடிவு அது. அடுத்த வாரம் தவுக்கே மாட்டினார். அந்த இன்ஜினுக்கும் இந்தச் சாமானுக்கும் பொருந்தவில்லை. நடுவில் ஒரு இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டுப் பொருத்தினார். போலே.

காருக்குப் புதிதாக எதைச் செய்தாலும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். ஞாயிறு காலை நால்வரும் போனோம்: மகன் ஓட்ட, தம்பி முன்னால், நானும் கணவரும் பின்னால். வீட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தம் திரும்பி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது, அதனால்தான் ஏறினேன்.

ஐயர் வந்து சந்தனம் குங்குமம் வைத்தார். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். திருஷ்டிக்கு இன்னொரு பழத்தைச் சிவப்புக் கயிற்றில் கோத்து முன்பக்கம் கட்டக் குனிந்தார். அப்போது தம்பிக்கு ஞானம் பிறந்தது.

"சாமி, அங்க வேணாம். சக்தி உள்ள இருக்கு. அங்க கட்டணும்."

"வழக்கமா முன்னாடிதாம்ப்பா கட்றது."

"வழக்கமான காடின்னா சரி சாமி. இது சூப்பர்சார்ஜர் காடி. திருஷ்டி எது மேல படும்? புதுசு மேலதான படும்?"

பானட்டைத் திறந்தான். தெருவில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்கு இன்னும் உற்சாகம். ஐயர் அந்த அலுமினியப் பானைக்குக் கற்பூரம் காட்டினார். தம்பி பழத்தை வாங்கி, கார்புரேட்டருக்குப் பக்கத்தில், தவுக்கே வளைத்த தகட்டில், தன் கையாலேயே கட்டினான். கணவர் சும்மா இருப்பாரா? தம்முடைய புகைக்குழாய்க்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். ஐயர் மண்டியிட்டு வைத்தார். சாமிக்குக் காட்டிய பணிவைவிட அதிகப் பணிவை அன்றைக்கு அவரிடமிருந்து அந்தக் குழாய் வாங்கிக்கொண்டது. பானட்டை மூடினார்கள். சக்கரங்கள் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பின.

வீட்டுக்குத் திரும்பாமல் கடற்கரைப் பக்கம் ஒரு சோதனை ஓட்டம் என்றான் தம்பி. ஊருக்குள் குறுகல் தெருக்களில் மகன் மெதுவாகத்தான் போனான். தெங்கேராவைத் தாண்டி, கிளேபாங் பக்கம் சாலை நேராகி, இடது பக்கம் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்ததும் தம்பி தொடையில் தட்டினான்.

"இப்ப அமுக்குடா மாப்ள! முழுசா அமுக்கு! உங்கம்மா பாக்கட்டும்!"

அமுக்கினான். சூப்பர்சார்ஜர் விசிலடிப்பதுபோல் கூவியது. முதுகு இருக்கையோடு ஒட்டியது. ஒரு நிமிஷம், ஒத்துக்கொள்கிறேன், கார் பறந்தது. தம்பி சீட்டில் எழும்பி எழும்பிக் குதித்தான். கணவர், "குழாய்! குழாய் வேல செய்யுது!" என்றார்.

பிறகு மகன் காலை எடுத்தான். நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவன் முழங்கால் மேலே வந்துவிட்டது. சத்தம் குறையவில்லை. வேகமும் குறையவில்லை. அவன் மறுபடி ஒரு முறை மிதித்து எடுத்தான். இன்ஜின் அதே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது.

"மாமா, விடமாட்டேங்குது" என்றான். குரல் சின்னப் பிள்ளைக் குரலாக ஆகியிருந்தது.

"பிரேக்கப் போடு!"

போட்டான். கார் முனகியது, ரப்பர் எரிகிற நாற்றம் அடித்தது, முன்னால் இழுப்பது நிற்கவில்லை.

"கியர மாத்துடா!" என்று தம்பி.

"கியரத் தொடாத! வெடிச்சிடும்!" என்று கணவர். "நான் அப்பவே சொன்னேன், ரெண்டு கார்புரேட்டர்னு..."

ஆமாம், அந்த நேரத்திலும். என் மகனின் கழுத்தில் நரம்பு புடைத்து நிற்க, கைகள் ஸ்டியரிங்கைக் கவ்வியிருக்க, இவர்கள் இருவரும் அவனுடைய இரண்டு காதிலும் ஆளுக்கொரு கட்சியைக் கத்திக்கொண்டிருந்தார்கள். முன்னால் தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு லாரி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. மகன் இடது பக்கம் ஒடித்தான். வேலிக் கம்புகள் முறிந்தன. இரண்டு தென்னைகளுக்கு நடுவே நுழைந்து, மணலில் இறங்கி, மணல் இழுத்துப் பிடித்தும் நிற்காமல், வெட்டிய தென்னையின் அடிக்கட்டை ஒன்றில் முட்டி நின்றது.

அவன் நெஞ்சு ஸ்டியரிங்கில் பதிந்திருந்தது. தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். மூச்சு விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் முகம் நீலம் பூத்ததைப் பார்த்தேன். பிறகு ஏதோ கிழிவதுபோல் ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மாட்டுவண்டிக்காரரும் லாரிக்காரரும் சேர்ந்துதான் அவனை இறக்கினார்கள். லாரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தம்பிக்கு மூக்கு உடைந்திருந்தது. கணவருக்குக் கண்ணாடி உடைந்ததைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம்.

நெஞ்செலும்புகள் முறிந்திருக்கின்றன, நுரையீரல் தப்பித்தது, உயிருக்கு மோசமில்லை என்று டாக்டர் சொன்னார். உள்ளே என்னென்னவோ கட்டுகள். மறுநாள்தான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

அன்று மாலை சபை ஆஸ்பத்திரியில் கூடியது. தம்பி மூக்கில் பஞ்சோடு வந்தான். அலுவலக நண்பர்கள் இருவரும் ஆப்பிளோடு வந்தார்கள். கடைசியாகத் தவுக்கே வந்தார், காரை இழுத்துக்கொண்டுபோய்ப் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நசுங்கிய எலுமிச்சம்பழம், பாதிச் சிவப்புக் கயிற்றோடு.

"லிமாவ்" என்றார்.

காலால் அமுக்கும்போது இழுபடுகிற கார்புரேட்டரின் கம்பி முழுதாகத் திறந்தபோது உண்டான இடைவெளிக்குள், பக்கத்தில் தொங்கிய பழம் ஆடி விழுந்து ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. கம்பி திரும்பி மூட வழியில்லை. அதைக் கையால் செய்து காட்டினார். ஒரு குழந்தைக்குப் புரியும்.

நான் தம்பியைப் பார்த்தேன். அழுவான் என்று நினைத்தேன். காலில் விழுவான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவன் அந்தப் பழத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பாத்தீங்களாக்கா? இது மட்டும் கட்டலன்னா நாலு பேரும் போயிருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் உண்மையாகவே தலையாட்டினார். இன்னொருவர், முன்பக்கம் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு கட்டியிருந்தால் கார்கூடத் தப்பித்திருக்கலாம் என்றார். கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தகடு இல்லாமல் பிட்டிங்ஸ் மட்டும் இருந்திருந்தால் பழம் தொங்க இடமே இருந்திருக்காது, ஆகவே தம்முடைய வழிதான் சரி என்று ஆரம்பித்தார். தம்பி, தகட்டை வேறு கோணத்தில் வளைத்தால் போதும் என்றான். தவுக்கேயைக் கேட்டார்கள். அவர், "போலே" என்றார்.

கட்டிலில் கிடந்தவன் மூச்சை அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சுக்கு மேலாகவே கையை நீட்டிக் கோணம் காட்டினார்கள்.

"வெளிய போங்க" என்றேன்.

"என்னக்கா..."

"எல்லாரும். அந்தப் பழத்தையும் எடுத்துக்கிட்டு."

என் குரலில் என்ன இருந்ததோ, போனார்கள். வராந்தாவில் நின்று பேச்சைத் தொடர்ந்தது கேட்டது. நர்ஸ் வந்து அதட்டியபோது படிக்கட்டுக்கு நகர்ந்தது.

மகன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அம்மா."

"பேசாத. வலிக்கும்."

"சாவியத் திருப்பியிருந்தா நின்னிருக்கும்லம்மா?"

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. கார் ஸ்டார்ட் செய்யும்போது திருப்புகிற அந்தச் சின்னச் சாவி. எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்ஜின் அணைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தினமும் அவன் செய்கிற காரியம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஆமா" என்றேன். "நின்னிருக்கும்."

"தோணவே இல்லம்மா."

அவன் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தேன். எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை காப்பி, எத்தனை பத்திரிகைகள்! குதிரையைக் கூட்டுவதைப் பற்றி இத்தனை பெரிய மனிதர்கள் பேசியதில் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், நிறுத்துவதைப் பற்றி இல்லை. அவனுக்குத் தோன்றாததில் ஆச்சரியம் என்ன? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிபுணனுக்கும் தோன்றவில்லை. பின்னால் இருந்த தலைமைக் கிராணிக்கும் தோன்றவில்லை.

அவன் வீட்டுக்கு வந்தபோது கார் கொட்டகையில் நின்றது. மூஞ்சி நசுங்கி, ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே பாகங்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். அதை விற்றுவிடச் சொன்னேன், வாதாடினேன், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவன் இனி ஓட்டத்தான் போகிறான், இந்தக் காரை இல்லாவிட்டால் இன்னொன்றை. இருபத்தொரு வயதுப் பையனை மரவள்ளிக்கிழங்கு ஊட்டிக் காப்பாற்ற முடியாது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கட்டுப் பிரித்த வாரம், ஒரு மத்தியானம், அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். ஓட்டும் இடத்தில் உட்காரச் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். நான் சுற்றிவந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா?"

"கைய ஸ்டியரிங்ல வை. கால அமுக்கு. நான் 'இப்ப'ங்கும்போது சாவியத் திருப்பி அணைக்கணும்."

"ஓடாத காடிய அணைக்கிறதா?"

"ஆமா."

முதலில் சிரித்தான். சிரித்தால் நெஞ்சு வலித்தது, நிறுத்திக்கொண்டான். "இப்ப!" என்றேன். அவன் கை முதலில் கியருக்குப் போனது; அங்கிருந்து தடவித் தடவிச் சாவிக்கு வந்தது. மறுபடியும் வைக்கச் சொன்னேன். கட்டுப் பிரித்தபோது டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு, அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "இப்ப!" என்று கத்தினேன். திடுக்கிட்டுக் காலால் பிரேக்கைத் தேடினான். மறுபடியும்.

அது சனிக்கிழமை என்பதை நான் மறந்துவிட்டேன். கணவரும் தம்பியும் நண்பர்களும் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். தம்பியின் கையில் ஒரு புதுப் பத்திரிகை இருந்தது.

"என்னக்கா இது, நின்னுக்கிட்டிருக்கிற காடியில ரேஸா?" என்றான். அலுவலக நண்பர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். கணவர், பானட்டைத் திறக்க வேண்டும், கொஞ்சம் இறங்கினால் நல்லது என்றார்.

நான் இறங்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பவும் இல்லை. அவர்கள் பேச ஆரம்பித்தார்கள், வழக்கம்போல, தகடு எந்தக் கோணத்தில் என்று. மகனின் பார்வை அந்தப் பக்கம் போனது.

"இப்ப!"

இந்தத் தடவை அவன் பார்வை அவர்களிடம் இருக்கும்போதே கை சாவிக்குப் போய்விட்டது. நேராக, தடவாமல். சாவி திரும்பிய சத்தம் கேட்டது. அவன் பெருமையோடு என்னைப் பார்த்தான்.

"போதுமாம்மா?"

போதவில்லை. இன்னும் வேகமாக இருக்க வேண்டும். மறுபடியும் கையை ஸ்டியரிங்கில் வைக்கச் சொன்னேன்.